இளைய போட்டியாளருக்கு எதிரே மூத்த வேட்பாளரை நிறுத்துவது எப்படி: அமெரிக்க அதிபர் தேர்தல்கள் தரும் பாடங்கள்

2008-ல் ஜான் மெக்கெய்னுக்கு 72 வயது, பராக் ஒபாமாவுக்கு 47. 1996-ல் பாப் டோலுக்கு 73, பில் கிளின்டனுக்கு 50. இரண்டு மூத்தவர்களும் தோற்றார்கள். 1984-ல் 73 வயது ரொனால்ட் ரீகன் 56 வயது வால்டர் மாண்டேலை 49 மாநிலங்களில் வீழ்த்தினார். ஆக, வயது மட்டும் தோற்கடிப்பதில்லை. பிறந்த தேதியை எந்தத் தொலைக்காட்சியும் திரும்பத் திரும்பப் போடாது. தடுமாறும் பத்து வினாடியைப் போடும். அந்தப் பத்து வினாடி உருவாகாமல் தடுப்பதில்தான் பிரசாரக் குழுவின் பாதி உழைப்பு போகும்.

மேடையிலிருந்து தொடங்குங்கள்

1996 செப்டம்பர் 18. கலிபோர்னியாவின் சீக்கோ நகரில் கூட்டத்தினருக்குக் கை கொடுக்கக் குனிந்த டோல், மேடையோரத் தடுப்பு பெயர்ந்து கீழே விழுந்தார். பெரிய காயமில்லை, எழுந்து பேசினார். ஆனால் படம் நாடு முழுக்கப் போய்விட்டது. அதே நாளில் ‘புரூக்ளின் டாட்ஜர்ஸ்’ என்று ஒரு பேஸ்பால் அணியைக் குறிப்பிட்டார்; அந்த அணி 1958-லேயே லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டது. ஒரே நாளில் உடம்பும் நினைவும் சேர்ந்து காட்டிக்கொடுத்தன.

அதனால் வேட்பாளர் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஒருவர் மேடையில் நடந்து பார்க்க வேண்டும். தடுப்புகளில் முழு எடையோடு சாய்ந்து பார்க்க வேண்டும். அலங்காரத் தடுப்பு என்றால் கழற்றிவிடுங்கள். ஏறுமிடத்தில் இருபுறமும் கைப்பிடி, படி விளிம்பில் வெளிர்நிற டேப். முடிந்தால் படிக்கட்டுக்குப் பதில் சாய்தளம். ஊர்ப்பெயர், உள்ளூர்த் தலைவர் பெயர், விளையாட்டு அணியின் பெயர் மூன்றையும் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிக் காரிலேயே கையில் கொடுங்கள். நகைச்சுவைக்காகக் கூட அட்டையில் இல்லாத பெயர் வேண்டாம்.

பின்னணித் திரையைக் கேமரா வழியாகப் பாருங்கள், வெறும் கண்ணால் அல்ல. 2008 ஜூன் 3 அன்று லூசியானாவின் கென்னர் நகரில் மெக்கெய்ன் பச்சைத் திரை முன் பேசியது மாதக்கணக்கில் கேலிக்குள்ளானது. அதே இரவில் செயின்ட் பால் நகரில் ஒபாமா ஆயிரக்கணக்கானோர் நிறைந்த அரங்கில் பேசினார். இளைய போட்டியாளர் பெருங்கூட்டம் கூட்டும் இரவில் உங்களவரை மேடையேற்றாதீர்கள். 500 பேர் வருவார்கள் என்றால் 400 பேர் கொள்ளும் கூடம் பிடியுங்கள். கடைசி வரிசை காலியாக இருந்தால், படம் எடுப்பவர் அதைத்தான் எடுப்பார்.

விவாதத்துக்குத் தயாராவது

1984 அக்டோபர் 7, லூயிவில் நகரில் நடந்த முதல் விவாதத்தில் ரீகன் திணறினார். தகவலைத் தலையில் திணித்துவிட்டார்கள் என்று அவருடைய தரப்பிலேயே குறைபட்டார்கள். இரண்டு வாரம் கழித்து கன்சாஸ் சிட்டியில் வயது பற்றிய கேள்வி வந்தபோது, எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியல் லாபத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்றார். மாண்டேலே சிரித்துவிட்டார்.

இப்படி ஒரு பதிலை முன்கூட்டித் தயாரித்து வையுங்கள். நேரடிக் கேள்வி வரும்வரை அது வெளியே வரக் கூடாது, ஒரு முறைக்கு மேல் சொல்லவும் கூடாது. தானாக முன்வந்து வயதைப் பற்றி ஜோக் அடிப்பவர், அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று காட்டிக்கொள்கிறார்.

தயாரிப்பில் ஒரு தலைப்புக்கு ஒரு பக்கம் போதும். ஒத்திகை விவாதத்தை நிஜ விவாதம் நடக்கும் அதே நேரத்தில், இரவு 9 மணிக்கு, 90 நிமிடம் நின்றபடி நடத்துங்கள். குறைந்தது மூன்று முறை. பகலில் தெளிவாகப் பேசுபவர் இரவு பத்தேகாலுக்கு எப்படிப் பேசுகிறார் என்பது அப்போதுதான் தெரியும். கடைசி இரண்டு நாள் ஓய்வு. வெளிநாட்டுப் பயணம் அந்த மாதத்திலேயே வேண்டாம். 2024 ஜூன் 27 அட்லாண்டா விவாதத்துக்கு 81 வயது ஜோ பைடன் ஏறக்குறைய ஒரு வாரம் தயாராகியும் குரல் கம்மி, வாக்கியம் அறுந்து நின்றார். எதிரே இருந்த டொனால்ட் டிரம்ப்புக்கும் 78 வயது. ஜூலை 21 அன்று பைடன் போட்டியிலிருந்து விலகினார்.

உடல்மொழியில் இரண்டு தவறுகள் மறுபடி மறுபடி நடக்கின்றன. மெக்கெய்ன் முதல் விவாதத்தில் ஒபாமாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டாவதில் அவரை ‘அந்த ஆள்’ என்பதுபோல் சுட்டினார். 1992-ல் ரிச்மண்டில் ஜார்ஜ் புஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 46 வயது கிளின்டன் கேள்வி கேட்ட பெண்ணை நோக்கி நடந்தார். கடிகாரத்தைக் கழற்றிவிட்டு மேடையேறட்டும். எதிராளியைப் பார்த்துப் பேசட்டும், மரியாதையோடு. பெரியவர் சின்னவரை எடுத்தெறிந்து பேசினால் பார்ப்பவர் சின்னவர் பக்கம் சாய்வார்.

அனுபவத்தை விற்பது

வருடக் கணக்கைச் சொல்லி ஓட்டுக் கேட்காதீர்கள். டோல் தன்னைப் பழைய அமெரிக்காவுக்குப் பாலம் என்றார். கிளின்டன் 21-ம் நூற்றாண்டுக்குப் பாலம் கட்டலாம் என்று அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார். அனுபவத்துக்கு விலை நெருக்கடியில்தான். 2008 செப்டம்பர் 15, லேமன் வங்கி திவாலான நாளில், பொருளாதாரத்தின் அடிப்படைகள் வலுவாக உள்ளன என்றார் மெக்கெய்ன். 24-ம் தேதி பிரசாரத்தையே நிறுத்துகிறேன் என்றார், 26-ம் தேதி விவாதத்துக்கு வந்துவிட்டார். பதற்றம் மூத்தவர் பக்கம், நிதானம் இளையவர் பக்கம் என்றானது. நெருக்கடி வந்தால் முதல் 24 மணி நேரம் ஒரே வாக்கியம், ஒரே ஆலோசகர்.

துணை அதிபர் வேட்பாளர் தேர்வு இதைவிடப் பெரியது. ஒபாமாவுக்கு அனுபவம் போதாது என்று சொல்லிக்கொண்டிருந்த மெக்கெய்ன், ஆளுநராக இரண்டு ஆண்டுகூட முடிக்காத சாரா பேலினை அறிவித்தார். கூட்டம் கூடியது, ஆனால் தன் முக்கிய வாதத்தைத் தானே வெட்டிக்கொண்டார். மூத்த வேட்பாளரின் துணையை வாக்காளர்கள் ‘இவர் இல்லாமல் போனால்?’ என்ற கண்ணோடு பார்ப்பார்கள். வயதில் இளையவராக இருக்கட்டும், பொறுப்பில் புதியவராக இருக்க வேண்டாம்.

மருத்துவ ஆவணங்களை முன்கூட்டியே, முழுதாக வெளியிடுங்கள். மெக்கெய்ன் குழு 1,173 பக்கங்களைக் காட்டியது, ஆனால் நிருபர்களுக்குக் கிடைத்தது மூன்று மணி நேரம். இப்படிச் செய்தால், உள்ளே ஒன்றுமில்லாவிட்டாலும் சந்தேகம்தான் மிஞ்சும்.

பணக் கணக்கு

மெக்கெய்ன் தேர்தல் செலவுக்கு அரசு தரும் பொதுநிதியாக 8.4 கோடி டாலர் வாங்கி, அதற்கு மேல் செலவிடக் கூடாது என்ற வரம்புக்குள் சிக்கினார். அதை மறுத்த ஒபாமா செப்டம்பரில் மட்டும் 15 கோடி டாலர் திரட்டினார். இளையவரிடம் சிறு நன்கொடையாளர் அலை இருந்தால், வரம்புள்ள நிதியைத் தொடாதீர்கள்.

கடைசி வாரம்

சுறுசுறுப்பைக் காட்ட டோல் 96 மணி நேரம் இடைவிடாமல் ஓடினார். மெக்கெய்ன் கடைசி நாளில் ஏழு மாநிலங்களைத் தொட்டார். இரண்டும் முடிவை மாற்றவில்லை. நாளுக்கு மூன்று கூட்டம், கடைசிக் கூட்டம் இரவு எட்டுக்குள், நடுவில் ஒரு மணி நேரம் பேச்சே இல்லாத ஓய்வு. தொண்டை போனால் மாற்றுக் குரல் கிடையாது.