ஜிம் மாற்றியதும் மகளின் வால்ட் படுத்தது: காரணம் பலகைக்கு அடியில்

மகளை வேறு ஜிம்னாஸ்டிக்ஸ் ஜிம்மில் சேர்த்த முதல் வாரத்திலிருந்தே வால்ட் மட்டும் சொதப்பல். ஓடிவந்து ஸ்பிரிங் பலகையை மிதித்து எழும்பி, மேசையில் கை ஊன்றித் தாண்டுவதுதான் வால்ட். பார், பீம், ஃப்ளோர் எல்லாம் பழையபடி. வால்ட்டில் கை மேசையின் முன்விளிம்பிலேயே பட்டு, உயரம் கிடைக்காமல் சரிந்து இறங்கினாள். போட்டி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

பயம் என்றார் ஒருவர், கால் வலு போதாது என்றார் இன்னொருவர். ஸ்குவாட் கூட்டினோம். ஓட்டத்தை நீட்டிப் பார்த்தோம்; விதிப்படி 25 மீட்டரைத் தாண்ட முடியாது. மேசை உயரத்தை அளந்தால் இரண்டு இடத்திலும் அதே 125 செ.மீ.

கடைசியில் பழைய வீடியோவையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மெதுவாக ஓடவிட்டேன். பழையதில் அவள் மிதித்ததும் ஸ்பிரிங்போர்டு நன்றாக அமுங்கி எழுகிறது. புதியதில் அசையவே இல்லை! கோச்சிடம் காட்டினேன், உடனே பலகையைக் கவிழ்த்தார். 8 ஸ்பிரிங், பெரிய பிள்ளைகளுக்காக மாட்டியது. இவள் எடையோ 31 கிலோ. பழைய ஜிம்மில் கேட்டேன், அங்கே 5 தான்.

மூன்றைக் கழற்றினார். அன்றைக்கே கைகள் மேசையின் நடுவில் விழுந்தன. அப்பாடா என்றிருந்தது.

ஜிம் மாற்றுகிறவர்கள் பழைய இடத்துப் பலகையில் எத்தனை ஸ்பிரிங் என்று கிளம்பும் முன்பே எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். போட்டி நடக்கும் இடத்தில் மென்மையான பலகை உண்டா என்பதையும் கோச் மூலம் கேட்டுவிடுங்கள்.