பள்ளி விளையாட்டுப் போட்டிகள்: வயதுக் கணக்கும் சான்றிதழ்களும்

பல பள்ளிகளில் குறுவட்டப் போட்டி (பக்கத்துப் பள்ளிகள் மோதும் முதல் நிலைப் போட்டி) அறிவிப்பு வந்த பிறகுதான் பிறப்புச் சான்றிதழைத் தேடுகிறார்கள். தேடினால் கிடைத்துவிடும். அதில் பிழை இருந்தால் திருத்த நேரம் இருக்காது, அங்கேதான் சிக்கல். ஏழாம் வகுப்பில் மகனோ மகளோ பள்ளி அணிக்குள் வந்துவிட்டால், இந்த வேலையை அந்தக் கோடை விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள்.

வயதை எந்த நாளில் கணக்கிடுவது?

இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளிலும், அதற்கு அணி அனுப்பும் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் போட்டிகளிலும் முக்கியமான பிரிவுகள் மூன்று: 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர். போட்டி நடக்கும் நாளில் என்ன வயது என்பதை யாரும் பார்ப்பதில்லை. கல்வியாண்டு தொடங்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று அந்த வயது நிறைந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதற்கு எளிய வழி, கல்வியாண்டு தொடங்கும் ஆண்டிலிருந்து முறையே 13, 16, 18-ஐக் கழிப்பது. கழித்துக் கிடைக்கும் ஆண்டின் ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். 2025–26 கல்வியாண்டுக்கு:

14 வயதுக்கு உட்பட்டோர்: 1.1.2012 முதல்
17 வயதுக்கு உட்பட்டோர்: 1.1.2009 முதல்
19 வயதுக்கு உட்பட்டோர்: 1.1.2007 முதல்

பெற்றோர் பெரும்பாலும் 14-ஐக் கழித்துவிட்டு ஏமாறுகிறார்கள். 20.12.2011 அன்று பிறந்த பையனுக்குச் செப்டம்பர் போட்டியின்போது 13 வயதுதான். ஆனாலும் டிசம்பர் 31 அன்று 14 நிறைந்துவிடுவதால் சின்னப் பிரிவில் ஆட முடியாது. 2009 ஜனவரியில் பிறந்தவர்களோடு, ஏறக்குறைய மூன்று வயது மூத்த பையன்களோடு, 17-க்கு உட்பட்ட பிரிவில் மோத வேண்டும். இரண்டு வாரம் தள்ளி 2012 ஜனவரியில் பிறந்திருந்தால் பிரிவிலேயே மூத்தவனாக இருந்திருப்பான். பயிற்சியாளர்கள் ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்களைத் ‘திறமைசாலிகள்’ என்று முதலில் பொறுக்கி எடுப்பதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. டிசம்பர் பிறப்பு என்றால் ஓராண்டு பொறுத்துப் பார்க்கலாம்.

மழையால் போட்டி ஜனவரிக்குத் தள்ளிப் போனாலும் கணக்கு மாறாது.

இந்தச் சூத்திரம் பள்ளிப் போட்டிகளுக்கு மட்டும். தடகளச் சங்கப் போட்டிகளில் 16, 18, 20 எனப் பிரிவுகளே வேறு. கிரிக்கெட் வாரியத்தின் வயதுக் கணக்கு செப்டம்பர் 1-ஐ வைத்து நடக்கிறது. முதலமைச்சர் கோப்பையில் பள்ளிப் பிரிவு 12 முதல் 19 வயது வரை ஒரே பிரிவு. எட்டாம் வகுப்புப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு மாணவரோடு ஒரே களத்தில் நிற்க நேரிடும். தோற்று வந்தால் அதை வைத்துப் பிள்ளையின் ஆட்டத்தை மதிப்பிட வேண்டாம்.

யார் ஆடலாம்?

பள்ளியில் நேரடியாகச் சேர்ந்து படிக்கும் மாணவராக இருக்க வேண்டும். 19 வயதுப் பிரிவில் வயது இடம் கொடுத்தாலும், பன்னிரண்டாம் வகுப்பில் தவறித் தனித்தேர்வராக எழுதுபவர் பள்ளி அணியில் ஆட முடியாது. கல்லூரியில் சேர்ந்துவிட்டவருக்கும் இதே கதிதான்.

சி.பி.எஸ்.இ., கேந்திரிய வித்யாலயா, நவோதயா ஆகியவை தேசியப் பள்ளிப் போட்டிக்குத் தனித்தனி அணிகளை அனுப்புகின்றன. ஒரே ஆண்டில் அந்த வழியாகவும் மாநில வழியாகவும் ஒருவர் நுழைய முடியாது. பள்ளி மாறும் எண்ணம் இருந்தால் போட்டிக் காலம் தொடங்குவதற்கு முன்பே மாறிவிடுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கு 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் ஆள் எடுப்பார்கள். விடுதியில் சேர்ந்ததும் பள்ளி மாறும், ஆடும் மாவட்டமும் மாறும். இதைச் சேரும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

வயதில் சிறியவர் மேல் பிரிவில் ஆடத் தடையில்லை என்றாலும், ஒரே விளையாட்டில் ஒரே ஆண்டில் இரண்டு பிரிவுகளில் பெயர் கொடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். அந்தந்த ஆண்டுச் சுற்றறிக்கை உடற்கல்வி ஆசிரியரிடம் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி நீங்களே ஒருமுறை படிப்பது உத்தமம்.

பிறப்புச் சான்றிதழை எப்படிப் பார்ப்பது?

சான்றிதழில் மூன்று தேதிகள் இருக்கும்: பிறந்த நாள், பதிவு செய்த நாள், சான்றிதழ் வழங்கிய நாள். வழங்கிய நாள் நேற்றாக இருந்தாலும் கவலையில்லை, இணையத்தில் இன்று எடுத்த நகலும் செல்லும். சரிபார்ப்பவரின் கண் போகும் இடம் பதிவு செய்த நாள். பிறந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்வதுதான் முறை. ஓராண்டு தாண்டிய பதிவுக்கு நடுவர் நிலை அதிகாரியின் ஆணை வேண்டும். பிள்ளைக்குப் பத்து வயதானபின் பதிவான சான்றிதழ் சட்டப்படி செல்லும், ஆனால் அணித் தேர்வு மேசையில் சந்தேகத்தைக் கிளப்பும். அப்படியானால் அந்த ஆணையின் நகலையும், மருத்துவமனைப் பதிவோ தடுப்பூசி அட்டையோ இருந்தால் அதையும் கூடவே வையுங்கள்.

சான்றிதழில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு செய்துவிட்டு, பிறகு சேர்க்காமல் விட்டவர்கள் ஏராளம். பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்குள் கட்டணம் கட்டிப் பெயரைச் சேர்க்கலாம். பதிவு நடந்த ஊராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெயரில்லாத சான்றிதழ் எந்தப் பிள்ளைக்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது நம் ஊர்த் தலைவலியான முன்னெழுத்து. பள்ளிப் பதிவில் ‘செ. கார்த்திக்’, ஆதாரில் ‘கார்த்திக் செல்வம்’, சான்றிதழில் வெறும் ‘கார்த்திக்’ என்று இருந்தால் சென்னையில் புரிந்துகொள்வார்கள். தேசியப் போட்டியில் மத்தியப் பிரதேசத்துக்காரர் மேசையில் உட்கார்ந்திருந்தால் மூன்று பேர் என்று நினைப்பார். எல்லாவற்றிலும் ஒரே வடிவம் இருக்கட்டும்.

தேதிகள் ஒத்துப்போகவில்லை என்றால்

ஐந்து வயது நிரம்பும் முன்பே ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காகச் சில மாதம் கூட்டி எழுதியிருப்பார்கள். பள்ளிப் பதிவில் மே மாதம், சான்றிதழில் அக்டோபர் என்று நிற்கும். ஏமாற்றும் எண்ணம் அங்கே இல்லை, ஆனால் சரிபார்ப்பவர் இரண்டு தேதிகளைத்தான் பார்ப்பார்.

திருத்தும் வரிசை முக்கியம். முதலில் பிறப்புச் சான்றிதழைச் சரியாக்குங்கள். அதைக் காட்டித் தலைமையாசிரியர் வழியாகப் பள்ளிப் பதிவையும் ‘எமிஸ்’ (கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவேடு) விவரத்தையும் மாற்றுங்கள். ஆதாரைக் கடைசியில் தொடுங்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரு தடவைதான் மாற்ற முடியும், தவறான தாளைக் கொடுத்து அந்த வாய்ப்பை வீணாக்கினால் பிறகு அலைச்சல்தான். ஆதாரை மட்டும் வைத்து வயதை நிரூபிக்கவும் முடியாது. அது வயதுச் சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் சொல்லிவிட்டது. 15 வயதில் செய்ய வேண்டிய கைரேகைப் புதுப்பிப்பையும் மறக்க வேண்டாம்.

இதெல்லாம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் போவதற்குள் முடிய வேண்டும். மதிப்பெண் சான்றிதழில் தேதி அச்சாகிவிட்டால் அதுவே மற்ற எல்லாவற்றுக்கும் ஆதாரமாகிவிடும், மாற்றுவது மிகக் கடினம்.

எலும்புப் பரிசோதனை எதைச் சொல்லும்?

மத்திய விளையாட்டு அமைச்சகம் 2010-இல் கொண்டுவந்த வயது மோசடித் தடுப்பு நெறிமுறை உடல், பல், எலும்புப் பரிசோதனைகளுக்கு வழி செய்கிறது. வழக்கமாக இடது கை, மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பின் வளர்ச்சித் தட்டு எவ்வளவு மூடியிருக்கிறது என்று பார்ப்பார்கள். எலும்பு வயதைக் கணிக்கும் ‘டி.டபிள்யூ.3’ முறையில் பையன்களுக்கு 16.5, பெண்களுக்கு 15 வயதளவில் எலும்பு முழு வளர்ச்சி என்று கணக்காகிவிடும். அதற்கு மேல் 17-ஆ 19-ஆ என்று அந்தப் படத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. சீக்கிரம் பூப்பெய்திய பிள்ளைக்கு எலும்பு வயது உண்மை வயதைவிட ஓராண்டு கூடுதலாக வருவதும் சாதாரணம். முடிவு பாதகமாக வந்தால் பதற்றப்படாமல், பதிவு நாள் தெளிவாக உள்ள சான்றிதழோடு எழுத்து மூலம் மேல்முறையீடு செய்யுங்கள். தாமதமாகப் பதிவான சான்றிதழும் பாதகமான எக்ஸ்ரேயும் சேர்ந்துவிட்டால் வாதாட இடம் குறைவு.

களத்தில்

தகுதிப் படிவத்தில் பாதி புகைப்படத்திலும் பாதி தாளிலும் விழும்படி பள்ளி முத்திரையும் தலைமையாசிரியர் கையொப்பமும் வேண்டும். முத்திரை படத்துக்கு வெளியே விழுந்திருந்தால் படிவத்தைத் திருப்பிவிடுவார்கள். அசல் சான்றிதழ், மூன்று நகல்கள், படிப்புச் சான்று, ஆதார் நகல், கூடுதலாக நான்கு புகைப்படங்கள் ஒரே உறையில் இருக்கட்டும். உறை ஆசிரியர் பையில் இருக்க வேண்டும், மாணவர் பையில் அல்ல.

எதிரணியில் வயது கூடியவர் இருக்கிறார் என்று தோன்றினால் எல்லைக்கோட்டில் நின்று கத்துவதால் பயனில்லை. அமைப்புக் குழுவிடம், குறித்த நேரத்துக்குள், எழுத்தில், பெயரும் சட்டை எண்ணும் குறிப்பிட்டு அணிப் பொறுப்பாளர்தான் கொடுக்க வேண்டும். மீசையும் உயரமும் ஆதாரமாகாது. அதே விதி உங்கள் அணிக்கும் பொருந்தும். தகுதியில்லாத ஒருவரை ஆட வைத்தால் மீதிப் பிள்ளைகள் வென்றதும் போய்விடும்.

தேசியப் பள்ளிப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவருக்குப் ‘படிவம் 4’ என்ற சான்றிதழ் கிடைக்கும். அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் பிறகு அதைத்தான் கேட்பார்கள். கைக்கு வந்த அன்றே பெயர், பிறந்த தேதி, போட்டி நடந்த ஆண்டு மூன்றையும் மதிப்பெண் சான்றிதழோடு வைத்துப் பாருங்கள். கையொப்பமிட்ட அதிகாரி அதே பதவியில் இருக்கும்போது திருத்தம் வாங்குவது சுலபம்.