கேஸில் சிக்கிய பையனுக்குத் துணை நிற்கப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

எல்லோரும் செய்வதைத்தான் முதல் சந்திப்பில் நானும் செய்தேன். டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து முக்கால் மணி நேரம் பேசினேன். அப்துல் கலாமில் ஆரம்பித்து, ஆட்டோ ஓட்டி மகளை டாக்டராக்கியவர் வரை எல்லோரும் வந்துபோனார்கள். செல்போன் பறிப்பில் மாட்டிய 16 வயசுப் பையன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டான்: "அண்ணா, வாய்தாவுக்குப் போகணும்னா எந்த ஸ்டாப்புல எறங்கணும்? அம்மாவுக்கும் தெரியாது."

அவன் மனசில் அன்றைக்கு இருந்தது அவ்வளவுதான். போலீஸ், மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரும் அறிவுரையைக் கொட்டி முடித்த பிறகுதான் நாம் போய்ச் சேருகிறோம். வாய்தா தேதியை நினைவுபடுத்தி, கூட பஸ் ஏறிப் போக ஒரு ஆள்தான் அவனுக்கு இல்லை. பாதியில் நின்ற பள்ளியிலிருந்து பிறந்த தேதிச் சான்றிதழை வாங்கித் தருவது பத்து மேடைப் பேச்சுக்குச் சமம். வயதை முடிவு செய்ய சட்டம் முதலில் கேட்பது பள்ளி தரும் அந்தப் பிறந்த தேதிச் சான்றிதழையோ பத்தாம் வகுப்புச் சான்றிதழையோதான். அதுவும் இல்லை, உள்ளாட்சியின் பிறப்புச் சான்றிதழும் இல்லை என்றால்தான் எலும்புப் பரிசோதனை. குற்றம் நடந்த நாளில் 18 முடியவில்லை என்று காட்ட முடியாத பையனின் கேஸ் போகும் திசையே வேறு.

சட்டம் தெரியாமல் வாயைத் திறப்பது அடுத்த தவறு. "உனக்கு இனி கவர்மென்ட் வேலை கிடைக்காது, பாஸ்போர்ட் கிடைக்காது, எல்லாம் போச்சு" என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தப்பு. 2016 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, இந்தக் கேஸால் பையனுக்கு எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது என்கிறது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவுகளையும் அழிக்கச் சொல்கிறது. 16 வயது தாண்டியவர் கொடுங்குற்றத்தில் பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்டுக் குற்றம் உறுதியானால் மட்டும் கதை வேறு. மற்றபடி அவன் நிற்பது வழக்கமான கோர்ட்டில் அல்ல, இளைஞர் நீதிக் குழுமத்தில். ஒரு மாஜிஸ்திரேட், கூட இரண்டு சமூகப் பணியாளர்கள், அவர்களில் ஒருவராவது பெண். சட்டம் அவனைக் குற்றவாளி என்று சொல்வதில்லை, 'சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தை' என்கிறது. நீளமான பெயர்தான், வாயில் நுழையாது. ஆனாலும் 'அக்யூஸ்ட்' என்று கூப்பிட்டுப் பழகாதீர்கள். வீட்டில் அந்த வார்த்தை ஏற்கெனவே போதுமான அளவு புழங்குகிறது.

"ஒரு நாள் ஜெயிலைக் காட்டிக் கூட்டிட்டு வாங்க சார், தானா திருந்திடுவான்" என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். இந்த யோசனையை அமெரிக்காவில் செய்தே பார்த்துவிட்டார்கள். நியூஜெர்சியின் ராவே சிறையில் 1970-களில் ஆயுள் கைதிகளே பையன்களை உட்காரவைத்துக் கத்தி மிரட்டினார்கள். நாடு முழுக்க இது பரவியது. இந்த வகைத் திட்டங்களில் நடந்த 9 சோதனைகளைப் பிற்பாடு சேர்த்து ஆராய்ந்தபோது, சிறைக்குக் கூட்டிப்போன பையன்கள்தான், கூட்டிப்போகாத பையன்களைவிட அதிகமாகத் தப்பு செய்திருந்தார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. உள்ளே போய் வந்ததை 'கெத்து' என்று சொல்லும் ஏரியாவில் ஜெயிலைக் காட்டினால், பையனுக்குச் சொல்ல ஒரு கதை கிடைக்கும், அவ்வளவே.

கெத்து என்றதும் இன்னொன்று. கேஸ் உள்ள பையன்களை மட்டும் திரட்டி முகாம் நடத்துகிறோம், கால்பந்து அணி அமைக்கிறோம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அங்கே இரண்டு பேர் பார்த்ததும் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி "நீ என்ன கேஸ்?" என்பதுதான். பெரிய கேஸ்காரன் தலைவனாகிவிடுவான். மாசசூசெட்ஸில் 1939 முதல் 1945 வரை 506 சிறுவர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஆலோசகர், டியூஷன், மருத்துவம், கோடை முகாம் என்று எல்லாம் செய்தார்கள். முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப்போனார். உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் நல்லது நடந்ததாகவே சொன்னார்கள். ஆவணங்களோ உதவி பெறாத பாதியே மேல் என்றன. திரும்பத் திரும்ப முகாமுக்குப் போன பையன்களின் நிலைமைதான் ரொம்ப மோசம். விளையாட அனுப்புங்கள், தாராளமாக. கேஸே இல்லாத பையன்கள் ஆடும் அணியில் பன்னிரண்டில் ஒருவனாக.

போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, பெயர், படம், பள்ளி என்று அடையாளம் தெரியும்படி எதை ஊடகத்தில் வெளியிட்டாலும் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடன் கொடுப்பதும் வேண்டாம். பணம் திரும்ப வராது, பையனும் வரமாட்டான்.

நான் கண்டதில் பெரிய தவறு பாதியில் விட்டுவிட்டுப் போவது. கல்லூரி மாணவர்கள் உற்சாகமாக வருவார்கள், செமஸ்டர் வந்ததும் காணாமல் போவார்கள். வழிகாட்டியோடு ஓராண்டுக்கு மேல் பழகிய பிள்ளைகளுக்கே பெரும் பலன் கிடைத்ததையும், மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்ததையும் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆறு மாதம்தான் முடியும் என்றால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அல்லது தொடங்காதீர்கள்.

வியாழக்கிழமைதோறும் டீக்கடையில் நான் சந்தித்துவந்த அந்தப் பையன் ஒரு கட்டத்தில் தொடர்ந்து மூன்று வாரம் வரவில்லை. நான் பெஞ்சில் ஐந்து மணியிலிருந்து ஆறு வரை உட்கார்ந்துவிட்டு எழுந்து போனேன். மூன்றாவது வாரம் டீ மாஸ்டர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எதிர் ஸ்டாப்புல நின்னு பாத்துட்டுதான் போறான் சார்." நான்காவது வாரம் வந்தான். எங்கே போயிருந்தாய் என்று நான் கேட்கவில்லை. பஜ்ஜி சாப்பிட்டோம்.

எட்டு மாதம் நன்றாகப் போனது. ஒரு மெக்கானிக் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தான். பிறகு ஒரு ராத்திரி அவன் அம்மாவிடமிருந்து போன், மறுபடி ஸ்டேஷன். ஓடிப்போய் நான் கேட்ட முதல் கேள்வி, "ஏன்டா இப்படிப் பண்ண?" அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். சாப்பிட்டியா என்று கேட்டிருக்கலாம். அப்புறம் கேட்க வேண்டியதெல்லாம் போலீஸிடம்: குழந்தைகள் நல அலுவலராக இருக்கும் காவலர் யார், நன்னடத்தை அலுவலருக்குச் சொல்லியாயிற்றா, எப்போது குழுமத்தில் நிறுத்தப் போகிறீர்கள். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நிறுத்தியாக வேண்டும், லாக்கப்பில் வைக்கவே கூடாது. நன்னடத்தை அலுவலர், பையனின் வீடு, சூழல் எல்லாம் விசாரித்து, இரண்டு வாரத்துக்குள் குழுமத்துக்குச் சமூக விசாரணை அறிக்கை கொடுப்பார். மறுநாள் காலை மெக்கானிக் கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். கிரீஸ் படிந்த சட்டையோடு வந்து அந்த மனிதர் சொன்ன நாலு வரி அறிக்கையில் ஏறியது.