ஊட்டி ரயில் கேக்: முதல் முறை செய்பவர்களுக்கு

அக்கா மகனுக்கு ஐந்து வயது முடிகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயிலில் போய் வந்ததிலிருந்து அவனுக்கு வேறு பேச்சே கிடையாது. தலையணைகளை வரிசையாக அடுக்கி வைத்து "கூ" என்று கத்திக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுகிறான். பிறந்த நாளுக்கு என்ன கேக் வேண்டும் என்று கேட்கவே தேவையிருக்கவில்லை.

வீட்டில் முதல் முறையாக தீம் கேக் செய்யப் போகிறவர்கள் ரயிலிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். வளைவு கிடையாது, பொம்மை முகம் வரைய வேண்டியதில்லை, நாலு செங்கல் வெட்டத் தெரிந்தால் போதும். ஒரு பெட்டி உடைந்தாலும் மற்ற மூன்றும் நிற்கும். தனித்தனிப் பெட்டிகள் என்பதால் சாதாரண ஃப்ரிட்ஜிலேயே அடங்கிவிடும். இந்த வசதி எவ்வளவு பெரியது என்பது கடைசி நாளில் தெரியும்.

வேலையை மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விழா சனிக்கிழமை என்றால் வியாழன் இரவு வரைபடம், வெள்ளிக்கிழமை கேக்கும் கிரீமும், சனி காலை அலங்காரம். ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்தால் சூடான கேக் மேல் கிரீம் தடவ வேண்டிய நிலை வரும். அது வழிந்துவிடும்.

முதலில் பேப்பரும் பென்சிலும்

இந்தப் படியை யாரும் தாண்டிவிடாதீர்கள். கேக்கின் உண்மையான அளவிலேயே ஒரு சார்ட் பேப்பரில் வரையுங்கள். ஒரு பெட்டி 4 அங்குல நீளம், 2 அங்குல அகலம், 3 அங்குல உயரம். அப்படி மூன்று பெட்டிகள், ஒரு இன்ஜின். வரைந்ததும் யாருக்காகச் செய்கிறீர்களோ அந்தக் குழந்தையிடமே காட்டுங்கள்.

நான் காட்டினேன். பையன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சித்தி, இன்ஜின் பின்னாடிதானே இருந்துச்சு? அதுதானே தள்ளுச்சு!" என்றான்.

அவன் சொன்னது சரி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது நீராவி இன்ஜின் கடைசியில் நின்று பெட்டிகளை மேலே தள்ளிக்கொண்டு போகும். நான் எல்லா ரயில் பொம்மைகளையும் போல இன்ஜினை முன்னால் வரைந்திருந்தேன். படத்தைக் காட்டாமல் கேக்கை நேராகக் கொண்டுபோய் வைத்திருந்தால், அது அவன் போன ரயிலாக இருந்திருக்காது. எல்லாம் சர்ப்ரைஸாகவே இருக்கட்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: குழந்தை பார்த்தது என்ன என்று அதனிடமே கேளுங்கள். மெழுகுவர்த்தி ஏற்றும்போது வரும் சந்தோஷம் அதனால் குறைவதில்லை.

இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள்: பார்த்த உடனே இது இன்னதுதான் என்று சொல்லவைக்கும் மூன்று அடையாளங்கள் எவை? நீலகிரி மலை ரயிலுக்கு, கீழே நீலமும் மேலே கிரீம் நிறமுமான பெட்டிகள், பின்னால் நிற்கும் இன்ஜின், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல்லுப் பல்லாக ஓடும் மூன்றாவது தண்டவாளம். கல்லாறு முதல் குன்னூர் வரை இந்தப் பல் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் ரயில் ஏறுகிறது. அங்கே மிகச் செங்குத்தான இடங்களில் 12 அடி போனால் 1 அடி ஏற்றம். 1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கி, 1908-இல் ஊட்டியைத் தொட்டு, 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான ரயில் இது. மொத்தம் 46 கிலோமீட்டர் பாதை. இதில் சுரங்கம், பாலம், குரங்கு, ஸ்டேஷன் மாஸ்டர் என்று எல்லாவற்றையும் கேக்கில் கொண்டுவர ஆசை வரும். வேண்டாம். மூன்று அடையாளம் துல்லியமாக இருந்தால் போதும், மற்றதைக் குழந்தையே சேர்த்துக்கொள்ளும்.

அட்டையையும் அன்றே தயார் செய்துவிடுங்கள். 20 அங்குல நீளம், 10 அங்குல அகலத்துக்கு அட்டைப்பெட்டியை இரண்டு மடிப்பாக வெட்டி ஒட்டி, ஃபாயில் சுற்றினால் போதும். கூடவே 4-க்கு 2 அங்குலத்தில் நாலு சிறிய அட்டைகளையும் வெட்டி ஃபாயில் சுற்றி வையுங்கள். ஒவ்வொரு பெட்டியும் தன் சொந்த அட்டையில்தான் உட்காரப் போகிறது.

கேக்

பேக்கரியில் கிடைக்கும் பஞ்சு போன்ற ஸ்பாஞ்ச் இதற்கு ஆகாது. கத்தி பட்டால் உதிரும், மேலே பாரம் வைத்தால் அமுங்கும். வெண்ணெய் சேர்த்த, கொஞ்சம் கெட்டியான கேக் வேண்டும். அளவு மனப்பாடம் செய்யச் சுலபம்: உப்பில்லாத வெண்ணெய், சர்க்கரை, மைதா மூன்றும் தலா 200 கிராம், முட்டை 4, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், வெனிலா எசன்ஸ் 2 டீஸ்பூன், பால் 3 டேபிள்ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. 8 அங்குலச் சதுர டின்னில் அடியிலும் பக்கங்களிலும் பட்டர் பேப்பர் போட்டுக்கொள்ளுங்கள்.

வெண்ணெயும் முட்டையும் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே வெளியே வந்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெண்ணெயில் குழி விழ வேண்டும், ஆனால் உருகிப் பளபளக்கக் கூடாது. அதைச் சர்க்கரையோடு சேர்த்து பீட்டரில் 5 நிமிடம் அடித்தால் நிறம் வெளிறி, பொங்கினாற்போல வரும். முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். கலவை திரிந்தமாதிரி தெரிந்தால் பயப்படாதீர்கள். ஒரு ஸ்பூன் மைதா போட்டு அடித்தால் சேர்ந்துவிடும். அப்புறம் பீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, சலித்த மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கலந்து, கடைசியாகப் பாலும் எசன்ஸும் சேருங்கள். மைதா போட்ட பிறகு அதிகம் அடித்தால் கேக் ரப்பர் மாதிரி ஆகும்.

ஓடிஜி ஓவனை 170 டிகிரியில் 10 நிமிடம் முன்சூடு செய்து, 40 முதல் 45 நிமிடம் வேகவிடுங்கள். நடுவில் டூத்பிக் குத்திப் பார்த்து, ஈரமாவு ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடலாம்.

முட்டை சேர்க்காத வீடுகளுக்கு: 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க், 100 கிராம் உருக்கிய வெண்ணெய், 250 கிராம் மைதா, பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், பால் 180 மில்லி, வினிகர் 1 டேபிள்ஸ்பூன், வெனிலா. இதே டின், இதே சூடு. இது கொஞ்சம் மிருதுவாக இருக்கும், அதனால் வெட்டும் முன் ஃப்ரிட்ஜில் கட்டாயம் ஓர் இரவு இருக்க வேண்டும்.

ஆறிய கேக்கை கிளிங் ஃபிலிமில் இறுகச் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். குளிர்ந்த கேக்தான் ஓரம் உதிராமல் வெட்டுப்படும்.

நீலம் பச்சையாகும் இடம்

பட்டர் கிரீமுக்கு உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம், ஐசிங் சர்க்கரை 450 கிராம், பால் 2 டேபிள்ஸ்பூன். சர்க்கரையை மிக்ஸியில் அரைத்துப் போடுபவர்கள் இரண்டு முறை சலியுங்கள், இல்லாவிட்டால் நாக்கில் நறநறக்கும்.

முதல் முறை நான் நீல நிறம் கலந்தபோது கிண்ணத்தில் வந்தது மயில் கழுத்துப் பச்சை. இன்னும் நீலம் விட்டேன், இன்னும் கரும்பச்சையானது. வெண்ணெய்க்கே மஞ்சள் நிறம் இருக்கிறது, மஞ்சளோடு நீலம் சேர்ந்தால் பச்சைதானே! இதற்கு வழி இரண்டு. வெண்ணெயைத் தனியாக 7, 8 நிமிடம் அடித்துக்கொண்டே இருங்கள். காற்று ஏற ஏற மஞ்சள் போய் கிட்டத்தட்ட வெள்ளையாகும். சர்க்கரை எல்லாம் சேர்த்த பிறகு, நீலம் வேண்டிய பங்கில் மட்டும், டூத்பிக் நுனியில் ஊதா நிறத்தை ஒற்றியெடுத்துக் கலக்குங்கள். ஊதா மிச்ச மஞ்சளையும் அடக்கிவிடும். அதன் பிறகு நீலம் போட்டுப் பாருங்கள், பெட்டியின் நீலம் அப்படியே வரும்.

ஜெல் நிறம்தான் வாங்க வேண்டும். தண்ணீராக இருக்கும் நிறம் கிரீமை இளக்கிவிடும். புட்டியில் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, நிறம் ராத்திரியில் ஒரு படி கூடும். வெள்ளி மாலை கலக்கும்போது நீங்கள் நினைப்பதைவிடச் சற்று வெளிறலாகவே நிறுத்திவிடுங்கள்.

கிரீமில் பாதிக்கு நிறமே போட வேண்டாம். அந்த வெண்ணெய் நிறம்தான் பெட்டியின் மேல்பாதி. மீதியில் பெரும்பங்கு நீலம். இரண்டு கரண்டி எடுத்துப் பச்சை, இரண்டு கரண்டியில் கோகோ பவுடர் கலந்து இன்ஜினுக்கு.

மொட்டை மாடியில், ஏசி இல்லாமல் விழா என்றால் பட்டர் கிரீம் தாங்காது. பேக்கிங் பொருள் கடைகளில் விற்கும் நான்-டெய்ரி விப்பிங் கிரீமுக்குப் போய்விடுங்கள். ருசியில் எனக்குப் பட்டர் கிரீம்தான் பிடிக்கும், ஆனால் வழிந்த கேக்கை வைத்துக்கொண்டு ருசியைப் பற்றிப் பேச முடியாது.

வெட்டுவதும் கட்டுவதும்

சனி காலை கேக்கை எடுத்து, மேலே குமிழ்ந்த பகுதியை ரொட்டிக் கத்தியால் சீவிச் சமமாக்குங்கள். ஸ்கேல் வைத்து 2 அங்குல அகலத்தில் நாலு பட்டைகள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டிரண்டு பட்டைகளை நடுவில் கிரீம் தடவி ஒட்டினால் இரண்டு நீளக் கட்டைகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டினால் நாலு பெட்டிகள். சர்க்கரைத் தண்ணீர் தடவும் பழக்கம் உள்ளவர்கள் இதற்குத் தடவாதீர்கள், நனைந்த கேக் நிற்காது.

இன்ஜினுக்கு, ஒரு பெட்டியில் மட்டும் மேல் அடுக்கின் ஒன்றரை அங்குலத்தை விட்டுவிட்டு மீதியை வெட்டி எடுங்கள். விட்ட பகுதி டிரைவர் நிற்கும் அறை. வெட்டிய இடத்தில் கடையில் வாங்கிய சாக்லேட் ஸ்விஸ் ரோலை இரண்டரை அங்குலத்துக்கு நறுக்கிப் படுக்க வைத்தால் பாய்லர். வெட்டி எடுத்த துண்டு வீட்டில் யாருக்குப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொன்றையும் அதனதன் அட்டையில் கிரீம் பொட்டு வைத்து ஒட்டி, நிறமில்லாத கிரீமை மெல்லிசாக, கேக் தெரியும் அளவுக்கே பூசுங்கள். இது தூளைப் பிடித்து வைக்கும் பூச்சு. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்கு இறுகிய பிறகு இரண்டாவது பூச்சு: மேல்பாதியும் கூரையும் வெண்ணெய் நிறம், கீழ்ப்பாதி நீலம், இன்ஜினுக்குக் கோகோ. வெந்நீரில் நனைத்துத் துடைத்த புது ஸ்கேலால் ஒரே இழுப்பில் இழுத்தால் பக்கங்கள் சுவர் போல நிற்கும். இரண்டு நிறமும் சேரும் கோடு கோணலாக வந்தால் அதன்மேல் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று பிழிந்துவிடுங்கள்.

ஜன்னல்களுக்கு வெள்ளை சாக்லேட் பாரைச் சிறிய சதுரங்களாக நறுக்கி வரிசையாக ஒட்டினேன். சக்கரத்துக்கு ஓரியோ பிஸ்கட், பெட்டிக்கு நாலு. இதை விழாவுக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒட்டினால் போதும், முன்பே ஒட்டினால் நமுத்துவிடும். புகைபோக்கிக்கு சாக்லேட்டில் முக்கிய மார்ஷ்மெல்லோ. எதையும் டூத்பிக் குத்தி நிறுத்தாதீர்கள். சின்னக் குழந்தைகள் கடிக்கப்போகும் கேக், கிரீமே பசையாக இருக்கட்டும்.

பெரிய அட்டையில் தேங்காய்த் துருவலுக்குப் பச்சை ஏற்றிப் பரப்புங்கள். உலர்ந்த துருவலை ஒரு கவரில் போட்டு, ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்த பச்சை ஜெல்லை விட்டுக் குலுக்கினால் சீராகப் பிடிக்கும். வேஃபர் பிஸ்கட்டுகள் தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகள். அவற்றின் மேல் உருக்கிய சாக்லேட்டால் இரண்டு கோடு, நடுவில் கோடு போடாமல் புள்ளி புள்ளியாக வையுங்கள். அதுதான் பல் தண்டவாளம். ஓரங்களில் பச்சைக் கிரீமை நட்சத்திர நாசிலில் சின்னச் சின்னக் குவியலாகப் பிழிந்தால் தேயிலைச் செடிகள். சரி, பெட்டிகளை ஃப்ரிட்ஜிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்து, கடைசியில் இன்ஜின்.

புகைக்குப் பஞ்சுமிட்டாய். காற்றின் ஈரம் பட்டால் சில நிமிடங்களிலேயே சுருங்கிப் பிசுபிசுக்கும், ஆகவே எல்லோரும் மேஜையைச் சுற்றி வந்து நின்ற பிறகு கவரைப் பிரித்துச் செருகுங்கள். மெழுகுவர்த்தியை இன்ஜினுக்குப் பக்கத்தில் வைக்காமல் முதல் பெட்டியில் வையுங்கள்.

நண்பர்களுக்கு இதே சதுரக் கேக் வேறு விதமாகப் பயன்படும். கணக்கு டீச்சராக இருக்கும் தோழிக்கு அதை 8-க்கு 4 அங்குலமாக இரண்டாக வெட்டி அடுக்கி, வெள்ளைக் கிரீம் பூசி, சிவப்பு மார்ஜின் கோடு ஒன்று போட்டு நோட்டுப் புத்தகமாக்கினேன். பார்த்ததும் "எங்கே, டிக் போட சிவப்புப் பேனா?" என்று கேட்டாள்.

நம்ம பையன் கத்தியைக் கையில் வாங்குவதற்கு முன், ஆள்காட்டி விரலை இன்ஜினின் பின்பக்கம் வைத்து மெல்ல ஒரு தள்ளு தள்ளினான். ரயில் நகரவில்லை, விரல் நுனியில் கோகோ கிரீம் ஒட்டியது. நக்கிக்கொண்டு சிரித்தான்.

வெட்டும்போது பெட்டியை 1 அங்குலத் துண்டுகளாக வெட்டினால் ஒன்றுக்கு நாலு, இன்ஜினோடு மொத்தம் 16 பேருக்கு வரும். மிஞ்சியதை மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள்; சாப்பிடும் முன் 20 நிமிடம் வெளியே வைத்தால் வெண்ணெய் இளகி, முதல் நாள் ருசி திரும்பும்.