ஜீன் ரிப்போர்ட்டோடு கோர்ட்டுக்குப் போகும் முன்

மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர் மேல் கேஸ் விழுந்தால், வீட்டில் யாராவது ஒருவர் "ஜீன் டெஸ்ட் எடுத்து, இது பரம்பரைன்னு ஜட்ஜுக்குக் காட்டிடலாம்" என்பார். அந்தப் பணத்தை வக்கீல் செலவுக்கு வையுங்கள்.

பரம்பரை பொய் இல்லை. ஊரில் நூற்றில் ஒருவருக்கு வரும் நோய், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பிள்ளைக்கு வரலாம். ஆனால் 2022-இல் வந்த பெரிய ஆய்வு இதோடு தொடர்புள்ள 287 மரபணு இடங்களைக் காட்டியது, பெரும்பாலும் ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். 22-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாமல் பிறப்பவர்கள் விதிவிலக்கு, அவர்களில் நாலில் ஒருவருக்கு வரக்கூடும். டாக்டர் சந்தேகப்பட்டால் அந்த டெஸ்ட்டை எடுங்கள், அது வைத்தியத்துக்கு.

கோர்ட் கேட்பது வேறு. மனநிலை சரியில்லாதவருக்குக் குற்றத்திலிருந்து விலக்கு தரும் பாரதிய நியாய சன்ஹிதா 22-ஆம் பிரிவு (பழைய ஐபிசி 84) பார்ப்பது, அந்தச் செயலைச் செய்த நேரத்தில் என்ன செய்கிறோம், அது தப்பு என்று அவருக்குத் தெரியும் நிலை இருந்ததா என்பதை மட்டும். பிறந்த அன்றும் சம்பவத்தன்றும் ஒரே மாதிரி இருக்கிற ரிப்போர்ட் அந்த ஒரு நாளைப் பற்றி என்ன சொல்லும்? "ரத்தத்திலேயே இருக்குன்னா நாளைக்கும் செய்வார்" என்று எதிர்த்தரப்பு திருப்பிப் போடவும் இடம் உண்டு. தங்கச்சிக்கு வரன் பார்க்கும் வீடென்றால் இன்னும் யோசியுங்கள், அந்தக் காகிதத்தில் அவளுடைய ரத்தமும் பாதி இருக்கிறது.

சரி, என்னதான் சேர்ப்பது? தேதி. நிரூபிக்கும் பாரம் நம் பக்கம்தான். ஓபி சீட்டு, மருந்துச் சீட்டு, மருந்துக்கடை பில், எல்லாம் சம்பவத்துக்கு முந்தையதாக இருக்க வேண்டும், பிறகு வாங்கிய சர்டிபிகேட்டை மட்டும் காட்டினால் எளிதில் நம்ப மாட்டார்கள். திருச்சி பக்கம் குணசீலம் கோயிலில் 48 நாள் தங்க வைத்திருந்தால் அங்கே பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் அக்கம்பக்கத்தார். நம்மூரில் யாரும் தேதி சொல்ல மாட்டார்கள், "குறுவை அறுப்பு அப்போ தனியா பேசிக்கிட்டு இருந்தான்", "மேட்டூர் தொறந்த வாரம் ராத்திரியெல்லாம் வாய்க்கால் கரையிலேயே நின்னான்" என்பார்கள். எழுதிக்கொண்டு வந்து நீங்கள்தான் தேதியாக மாற்ற வேண்டும். மேட்டூர் அணை என்றதும் வழக்கமான ஜூன் 12 என்று போட்டுவிடாதீர்கள், 2022-இல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள்.

இப்போது விசாரணையே புரியாத நிலையில் இருந்தால் அது தனி விஷயம், பிஎன்எஸ்எஸ் (குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம்) 367, 368-இன்படி டாக்டர் பரிசோதனை கேட்டு வக்கீல் மனுப் போடலாம். வக்கீல் இல்லையென்றால் 15100, இலவச சட்ட உதவி.

ரிமாண்டில் இருக்கிறாரா? முதல் வேலையாக மருந்துச் சீட்டு நகலை ஜெயில் டாக்டரிடம் சேருங்கள். அசலைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.