பேஸ்மென்ட் சுவருக்கு நிறம் பார்ப்பது எப்படி? முதலில் விளக்கு, பிறகுதான் பெயின்ட்

கனடா வீடுகளின் பேஸ்மென்ட்டில் ஜன்னல் சிறியது, கூரையும் தாழ்வு. பட்டப்பகலிலும் விளக்கு வெளிச்சத்தில்தான் சுவரைப் பார்ப்பீர்கள். கடையில் அழகாக இருந்த நிறம் கீழே வந்ததும் செத்துப்போவது இதனால்தான்.

1. ஈரம் பாருங்கள். சுவர் வெறும் கான்கிரீட் என்றால், ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்துகள் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் என்றால் அறைக் காற்றின் ஈரம். முதலாவதைச் சரிசெய்யாமல் எந்த நிறம் அடித்தாலும் உரியும். வெள்ளை உப்புப் பொடி பூத்திருந்தால் கம்பி பிரஷால் தேய்த்து எடுத்த பிறகே மேசன்ரி பிரைமர் (கான்கிரீட்டுக்கான அடிப்பூச்சு).

2. பல்பை முடிவு செய்யுங்கள். உட்கார்ந்து பேசும், டிவி பார்க்கும் இடத்துக்கு 2700 முதல் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்). படிப்பு, தையல், உடற்பயிற்சிக்கு 3500 முதல் 4000. பெட்டியில் சி.ஆர்.ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற எண்) 90க்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். 2700இல் கிரீம் நிறம் மஞ்சளடிக்கும். 4000இல் நீலச் சாயல் உள்ள சாம்பல் நிறம் குளிர்ந்து கிடக்கும்.

3. நிறத்தைக் குறுக்குங்கள். நிற அட்டையிலோ நிறுவனத்தின் இணையதளத்திலோ எல்.ஆர்.வி என்ற எண் இருக்கும். சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தருகிறது என்பதன் அளவு அது. 60 முதல் 75 வரை பாதுகாப்பானது. பலரும் பளிச்சென்ற வெள்ளைக்குப் போகிறார்கள், வேண்டாம். திருப்பித் தர ஒளியே இல்லாத மூலையில் வெள்ளை அழுக்குச் சாம்பலாகத் தெரியும். லேசான மணல் நிறம், வெதுவெதுப்பான சாம்பல், வெளிர் பச்சை எல்லாம் அங்கே நன்றாக நிற்கும். அட்டையை வெள்ளைத் தாள்மேல் வைத்தால் ஒளிந்திருக்கும் பச்சை, ஊதா, இளஞ்சிவப்புச் சாயல் வெளியே வரும். தரையின் நிறத்தோடும் சேர்த்துப் பாருங்கள்.

4. பலகையில் அடித்துப் பாருங்கள். சுவரில் நேராக அடித்தால் பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். இரண்டடிச் சதுர வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் பார்த்த நிறமும் காய்ந்த நிறமும் ஒன்றல்ல. ஜன்னலோரம், இருண்ட மூலை, படிக்கட்டின் அடி என்று நகர்த்தி, பகலிலும் இரவிலும் பாருங்கள். இருண்ட மூலையில் பிடித்த நிறத்தையே எடுங்கள்.

5. கூரை. குறுக்கே போகும் டக்ட் (காற்றுக் குழாய்) பெட்டிகளுக்குச் சுவரின் நிறத்தையே கொடுங்கள். வேறு நிறம் கொடுத்தால் அவை தலைக்கு மேல் தொங்குவதுபோல் துருத்தும். கூரைக்குப் பளபளப்பே இல்லாத ஃபிளாட், சுவருக்கு லேசான பளபளப்புள்ள எக்‌ஷெல். பளபளப்புக் கூடினால் டிரைவால் (ஜிப்சம் பலகை) ஒட்டிய மேடுபள்ளம் முழுக்கத் தெரியும்.

6. அளவு. 12க்கு 15 அடி அறை, 7 அடி உயரம்: சுற்றளவு 54 அடி, சுவர் 378 சதுர அடி. ஒரு கலன் சுமார் 350 முதல் 400 சதுர அடி வரும். இரண்டு கோட்டுக்கு இரண்டு கலன். இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டு அடியுங்கள். டின்னுக்கு டின் நிறம் இம்மி மாறினாலும் பாதிச் சுவரில் கோடு விழும்.