பழத்தோட்ட மண்ணில் ஈரம் தங்கப் பயிர்க்கழிவுக் கூட்டெரு

கொழும்பு மாவட்டத்தில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தும், ஹோமாகம, பாதுக்கைப் பக்கங்களில் சனவரி, பெப்ரவரி மாதங்களில் இளம் றம்புட்டான் கன்றுகள் வாடுவதைக் காணலாம். சரளை கலந்த செம்மண்ணில் நீர் தங்காமல் கீழிறங்கிவிடுவதே அதற்கு முக்கிய காரணம். இங்கேதான் பயிர்க்கழிவை மக்கவைத்துச் செய்யும் கூட்டெரு கைகொடுக்கிறது. ஆனால் அதில் நைதரசன் குறைவு. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டபோது அதை யூரியாவின் இடத்தில் வைத்துப் பார்த்தது தவறான கணக்கு என்றே நான் கருதுகிறேன். மண்துகள்களைச் சிறு திரள்களாகப் பிணைத்து, அவற்றின் நுண்துளைகளில் நீரைப் பிடித்து வைப்பதே பழத்தோட்டத்துக்கு அது செய்யும் பேருதவி.

வைக்கோல், சருகு போன்ற உலர்ந்த கழிவு மூன்று பங்குக்கு, கிளிரிசிடியா இலை, காய்கறிக் கழிவு, மாட்டெரு ஆகியவை சேர்ந்து ஒரு பங்கு என அடுக்குங்கள். வாழைத்தண்டை நறுக்கி வாடவிட்ட பின்னரே சேர்க்க வேண்டும். நோயுற்ற கிளைகளும் பழங்களும் வேண்டாம். குவியல் ஒரு மீற்றர் நீள அகல உயரத்துக்குக் குறைந்தால் உள்ளே போதிய சூடு ஏறாது. கொழும்பு மழை சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும் என்பதால் மேலே கிடுகு வேய்ந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டி, பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் கசியும் அளவில் ஈரத்தைப் பேணுங்கள். அருகில் தென்னை இருந்தால், புரட்டும்போது தென்படும் கருவண்டுப் புழுக்களைத் தவறாமல் பொறுக்கி அழியுங்கள். மக்கும் குவியல்தான் அவை பெருகும் இடம்.

ஏறத்தாழ மூன்று மாதத்தில், புரட்டிய பின்னும் மீண்டும் சூடேறாமல், மழை நனைத்த மண்ணின் வாசம் வந்தால் எரு முதிர்ந்துவிட்டது. முதிராத எருவை மண்ணில் கலந்தால், அது மக்குவதற்காக மண்ணிலுள்ள நைதரசனையே எடுத்துக்கொள்ளும். அவசரப்படுபவர்கள் மரத்தைப் பட்டினி போடுகிறார்கள்.

ஒக்டோபர், நவம்பர் மழையில் மண் நன்கு நனைந்த பின் இடுவதே சிறந்தது. அடிமரத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் விலகித் தொடங்கி, கிளைவிரிவின் விளிம்பு வரை வட்டமாக 5 சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்பி, மேல்மண்ணோடு மட்டும் மெதுவாகக் கிளறுங்கள்; உணவு உறிஞ்சும் வேர்கள் மேலேயே படர்வதால் ஆழக் கொத்துவது தீங்கு. அடிமரத்தோடு குவித்தால் பட்டை அழுகும். இட்ட எருவின்மேல் வைக்கோலோ சருகோ 10 சென்ரிமீற்றர் மூடுபடையாக இடுவது கட்டாயம். வெயிலில் காய்ந்த எரு நீரை ஏற்காமல் வழியவிடும். நமது வெப்பத்தில் சேதனப் பொருள் விரைவில் சிதைவதால் ஆண்டுதோறும் இட வேண்டும்.

மழை ஓய்ந்து பத்து நாள் கழித்து, எரு இட்ட மரத்தடியிலும் இடாத மரத்தடியிலும் ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். இட்ட இடத்து மண் உதிராமல் உருண்டு நின்றால், அந்த மரத்துக்கு நீர் விடும் இடைவெளியை ஓரிரு நாள் நீட்டிப் பார்க்கலாம்.